‘ரன்’: எங்கே ‘ஓடு’, எங்கே ‘ஓட்டு’, எங்கே இரண்டுமே இல்லை?

பவானிக்கரை:
‘ரன்’ என்றால் ஓடு என்றுதான் பள்ளியில் படித்தோம். அலுவலக மெயிலில் ‘லெட் மீ ரன் திஸ் பை யூ’, ‘வி ஆர் ரன்னிங் லேட்’, ‘இட் ரன்ஸ் இன்ட்டு லேக்ஸ்’ என்று வருகிறது. அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. எதை முதலில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்? எழுதும்போது எங்கே தப்பு விழும்?

வெண்கொக்கு:
மனப்பாடம் செய்யப் போகாதீங்க. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய திருத்தத்தில் ‘ரன்’ என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் கொடுத்திருக்கிறார்கள். அதில் அன்றாடம் வருகிற பல பொருள்கள் நம்ம ‘ஓடு’விலேயே இருக்கின்றன. படம் நூறு நாள் ஓடுது, மோட்டார் ஓடுது, கடை ஓடுது, மனசுக்குள் ஏதோ ஓடுது. இதற்கெல்லாம் ஆங்கிலத்திலும் ‘ரன்’ சரியாக வரும்.

வாக்கியத்தில் முதலில் பார்க்க வேண்டியது செயப்படுபொருள் இருக்கிறதா என்பதை. தமிழில் தானாக நடந்தால் ‘ஓடு’, ஒருவர் நடக்க வைத்தால் ‘ஓட்டு’ அல்லது ‘நடத்து’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். ‘தி பஸ் ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ்’ என்றால் பஸ் ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் எ ஹோட்டல்’ என்றால் ஹோட்டல் நடத்துகிறார். ‘ரன் தி புரோகிராம்’ என்றால் நிரலை இயக்கு.

இதில் ஒரு பொறி உண்டு. ‘கார் ஓட்டுகிறார்’ என்பதற்கு ‘ஹி ரன்ஸ் எ கார்’ என்று எழுதக் கூடாது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதற்குப் பொருள், சொந்தமாகக் கார் வைத்துச் செலவு செய்து பராமரிக்கிறார் என்பது. ஸ்டீயரிங் பிடிப்பதற்கு ‘டிரைவ்’தான்.

அச்சுப்பிழை:
வெண்கொக்கு சொன்னது பாதி வழிக்குத்தான் வரும். சறுக்குவது தமிழில் வேறு வினை போடுகிற இடங்களில். மூக்கு ஒழுகுகிறது: ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’. குழாயை மூடாமல் விட்டிருக்கிறார்கள்: ‘தி டேப் இஸ் ரன்னிங்’. நீர்மம் எதுவானாலும் ‘ரன்’ வரும் என்று வைத்துக்கொண்டால் இவை ஒரே கூட்டமாகச் சேரும்.

சாயம் போவதும் இந்தக் கூட்டத்தில்தான், ஆனால் கவனம் வேண்டும். தமிழில் ‘சாயம் போச்சு’ என்பது இரண்டு நிலைமைக்கும் பொது. சிவப்புத் துணியின் சாயம் கரைந்து பக்கத்து வெள்ளைச் சட்டையில் ஏறினால் ‘தி கலர் ரேன்’. வெயிலில் காய்ந்து காய்ந்து அதே துணி வெளிறினால் ‘ஃபேட்’. கடைக்காரருக்குப் புகார் எழுதும்போது இதை மாற்றிப் போட்டால் அவர் வேறு குறையைத்தான் தேடுவார்.

காய்ச்சல் அடிக்கிறது என்பதற்கு ‘ஷி இஸ் ரன்னிங் எ ஃபீவர்’. எழுவாய் ஆள்தான். தமிழில் காய்ச்சல் எழுவாயாக இருப்பதால் ‘ஃபீவர் இஸ் ரன்னிங்’ என்று கைக்கு வரும், அது தவறு.

கொடிவேரி:
மெயிலில் உதைப்பது ‘ரன்’ அல்ல, அதன் பின்னால் வருகிற குட்டிச் சொல். நீங்கள் கேட்டவற்றையே எடுத்துக்கொள்வோம். ‘ரன் பை’ என்றால் ஒரு யோசனையை ஒருவர் காதில் போட்டு அபிப்பிராயம் கேட்பது. நடுவில் பொருள் வரவேண்டும்: ‘ரன் இட் பை ஹிம்’. ‘ரன் இன்ட்டு’வுக்கு மூன்று வேலை: எதிர்பாராமல் சந்திப்பது, மோதுவது, தொகை இவ்வளவை எட்டுவது. இதைப் பிரிக்கவே முடியாது. ‘ரேன் இன்ட்டு ஹிம்’ மட்டும்தான். ‘ரன் அப்’ என்றால் பில்லை ஏற்றிவிடுவது. இதில் ‘இட்’ நடுவில் நுழையும்: ‘ரேன் இட் அப்’.

‘ரன் அவுட்’ இரண்டு விதமாக வரும். பால் எழுவாய் என்றால் ‘தி மில்க் ஹாஸ் ரன் அவுட்’, ‘ஆஃப்’ கிடையாது. நாம் எழுவாய் என்றால் ‘வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’, ‘ஆஃப்’ கட்டாயம்.

இன்னொன்று, ‘ஹாவ்’ வந்தால் ‘ரேன்’ கூடாது, ‘ரன்’தான். நன்றாக எழுதுகிறவர்களிடமும் ‘ஹாவ் ரேன்’ தென்படுகிறது. ‘ரன்னர்-அப்’ பன்மையில் ‘ரன்னர்ஸ்-அப்’.

பவானிக்கரை:
நன்றி. ‘முப்பது ரன்னிங்’ என்று வயசு சொல்கிறோமே, அது செல்லுமா? செய்தியில் வருகிற ‘பேங்க் ரன்’ எந்தக் கூட்டம்?

வெண்கொக்கு:
‘முப்பது ரன்னிங்’ இந்தியாவில் புரியும். இருபத்தொன்பது முடிந்து முப்பது நடக்கிறது என்பதை அப்படியே ஆங்கிலமாக்கியது அது. வெளிநாட்டு விண்ணப்பத்தில் முடிந்த வயசை மட்டும் போடுங்கள். அங்கே எண்ணுக்குப் பின் ‘ரன்னிங்’ வந்தால் ‘தொடர்ந்து’ என்று பொருள்: ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்றால் தொடர்ந்து மூன்று நாள்.

‘பேங்க் ரன்’னில் அது பெயர்ச்சொல். வங்கி நொடித்துவிடும் என்று பயந்து எல்லாரும் ஒரே சமயத்தில் போட்ட பணத்தை எடுக்க முண்டியடிப்பது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலரை எடுக்கக் கேட்டார்கள். மறுநாள் வங்கியை மூடிவிட்டார்கள். எழுதும்போது ‘எ ரன் ஆன் தி பேங்க்’, ‘ஆன்’ மாறாது.