மறுமொழி: ‘கைவசக் கோடு’ சரியா? எல்லைத் தகராறுச் சொற்கள் பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையிலான ‘Line of Actual Control’-ஐ நம் கையேட்டின் சொற்பட்டியலில் தமிழில் எப்படிப் போடுவது, ‘கைவசக் கோடு’ சரிவருமா என்று நடக்கும் இந்த இழையை மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்றிரவு வந்த மடலில் இருந்த ஒரு வரி என்னை எழுத வைத்துவிட்டது.

> நாளிதழ்களில் ‘எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு’ நிலைபெற்றுவிட்டது. சீன எல்லைக்கும் அதையே வைத்துக்கொள்வோம்.

நிலைபெற்றுவிட்டது என்பது உண்மைதான். சிக்கலும் அங்கேதான். அந்த ஒரு பெயரில் இரண்டு கோடுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்று பாகிஸ்தானுடன் இருப்பது. 1949-ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் கோடு, 1971 போருக்குப் பின் சிம்லா ஒப்பந்தப்படி மாற்றம் பெற்று, 1972 டிசம்பரில் இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் வரைபடங்களில் கையெழுத்திட்டது. நீளம் சுமார் 740 கி.மீ. வடக்கே என்.ஜே. 9842 என்ற புள்ளியோடு வரைபடம் நின்றுபோனதால் சியாச்சின் தகராறு முளைத்தது. மற்றபடி கோடு எங்கே ஓடுகிறது என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

சீனாவுடன் இருப்பது அந்த இனம் அல்ல. அதன் நீளம் 3,488 கி.மீ. என்கிறது இந்தியா. ஏறத்தாழ 2,000 கி.மீ. என்கிறது சீனா. நீளத்திலேயே கிட்டத்தட்ட 1,500 கி.மீ. உதைக்கிறது. இந்த இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், செய்தி படிப்பவர் காஷ்மீரில் நிற்கிறாரா கிழக்கு லடாக்கில் நிற்கிறாரா என்று அவருக்கே தெரியாது.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. ‘Line of Actual Control’ என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1959 நவம்பர் 7 அன்று சீனப் பிரதமர் சூ என்லாய் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், கிழக்கே மக்மகான் கோட்டிலிருந்தும் (பிரிட்டிஷ் இந்தியா திபெத்துடன் வகுத்த கோடு), மேற்கே அவரவர் நடைமுறையில் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் கோட்டிலிருந்தும் இரு படைகளும் 20 கி.மீ. பின்வாங்கலாம் என்றார். நேரு ஏற்கவில்லை. 1962 போர் முடிந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 1993 செப்டம்பர் ஒப்பந்தத்தில்தான் இந்தியா அந்தப் பெயரை முறைப்படி ஏற்றது. அப்போதும், எல்லைப் பிரச்சினையில் அவரவர் நிலைப்பாட்டை இது பாதிக்காது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்திட்டார்கள். ‘எல்லை’ என்ற சொல்லை வெளியே நிறுத்துவதற்குத்தான் அத்தனை பாடு. நாமோ தமிழில் அதை உள்ளே அழைத்து, பாய் போட்டு உட்கார வைக்கிறோம்.

‘உண்மையான கட்டுப்பாட்டுக் கோடு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அப்படியானால் பொய்யான கோடு எங்கே என்றுதான் வாசகர் கேட்பார். ‘Actual’ என்ற அந்த அடைமொழி கட்டுப்பாட்டோடு சேர வேண்டியது. நம் சொற்றொடரில் தாவிப் போய்க் கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ‘மெய்யான’ என்று மாற்றினாலும் கதை அதேதான்.

‘கைவசக் கோடு’ என்ற முன்மொழிவை நான் ஆதரிப்பதற்கு என் தாத்தாவும் ஒரு காரணம். அவர் பத்திர எழுத்தர். பட்டா ஒருவர் பெயரில், நிலம் இன்னொருவர் கைவசம் என்று அவர் திண்ணையில் கேட்காத நாள் இல்லை. கைவசம் என்ற சொல், இன்று யார் பிடியில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி வாய் திறக்காது. 1993 ஒப்பந்தம் செய்ய நினைத்ததும் இதைத்தான்.

> கைவசம் என்றால் சட்டைப்பையில் இருக்கும் சில்லறை நினைவுக்கு வருகிறது. வீரர்கள் உயிரைக் கொடுத்த இடத்துக்குத் தகாது.

இந்த மறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி. சீனா தன் தரப்பில் நால்வர் என்று அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டது. ஆனால் சொல்லுக்குக் கம்பீரம் சேர்ப்பதால் அவர்களுக்கு மரியாதை கூடிவிடுமா? நடப்பைப் பாருங்கள். இரு ரோந்துப் படைகள் எதிரெதிரே வந்துவிட்டால் பதாகையை விரித்துக் காட்டுவார்கள்: இது எங்கள் பகுதி, திரும்பிப் போங்கள். எதிரே நிற்பவர்களும் அதையே விரிப்பார்கள். உறுதியான எல்லையில் இந்தத் துணிக்கு என்ன வேலை?

‘நடைமுறைக் கட்டுப்பாட்டுக் கோடு’ என்பதில் பொருட்பிழை இல்லை. ஒப்பந்த மொழிபெயர்ப்புகளுக்கு அது இருக்கட்டும். தலைப்பு எழுதுபவர் மட்டும் அதைத் தொடமாட்டார். இடம் போதாமல் வெட்டுவார், மறுபடி ‘எல்லை’யில் வந்து நிற்பார்.

அடுத்தது ‘எல்லை வரையறை’. நம் பட்டியலில் இரண்டு வேறு வேலைகளுக்கு இந்த ஒரே சொல் இருக்கிறது. ஒப்பந்த வாசகத்திலும் வரைபடத்திலும் கோட்டை முடிவு செய்வது ஒரு வேலை. தரையில் போய்க் கல் நடுவது இன்னொரு வேலை. இரண்டையும் (ஆங்கிலத்தில் delimitation, demarcation) பிரித்துப் பேச வேண்டும் என்று சொன்னவர்களில், பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலராக இருந்த அந்த மக்மகானே ஒருவர் என்பது வேடிக்கை. 1914-இல் அவர் பெயரிலான கோடு ஓர் அங்குலத்துக்கு எட்டு மைல் என்ற அளவிலான வரைபடத்தில் வரையப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: தாளில் ஒரு மில்லிமீட்டர், மலையில் அரை கிலோமீட்டர். பேனா முனை சற்றுத் தடித்தால் ஒரு முகடே மைக்குள் போய்விடும். தரையில் கல் நடவும் இல்லை. அந்தக் கோட்டின் மேற்குக் கோடியில் உள்ள தாக் லா முகட்டில் வரைபடக் கோடு தெற்கே கிடக்க, நீர்பிரி முகடு (மழைநீர் இரு பக்கமும் பிரிந்தோடும் மலை உச்சி) வடக்கே நின்றது. கோடு நீர்பிரி முகட்டைத்தான் தழுவும் என்றது இந்தியா. வரைபடத்தைக் காட்டியது சீனா. 1962 அக்டோபர் 20 அன்று கிழக்கே போர் வெடித்தது அந்த முகட்டின் அடிவாரத்து நாம்கா சூ ஆற்றங்கரையில்.

ஆகவே முதல் வேலைக்கு ‘எல்லை வரைவு’. இரண்டாவதற்குப் புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம்; செப்பேட்டிலேயே இருக்கிறது. சோழர் காலத்தில் நிலம் கொடுக்கும்போது பிடியை, அதாவது பெண் யானையை, நிலத்தைச் சுற்றி நடத்தி, ‘கல்லுங் கள்ளியும் நாட்டி’ எல்லை குறித்தார்கள். எழுதிக் கொடுத்ததோடு விடவில்லை, நடந்தார்கள், நட்டார்கள். ‘எல்லை நாட்டல்’ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். “மக்மகான் கோடு வரையப்பட்டது, நாட்டப்படவில்லை” என்று எழுதிப் பாருங்கள், நாக்கில் தடுக்காது. (இமயத்தில் கள்ளி முளைக்காது என்று யாரும் மறுமடல் போட வேண்டாம்.) தேர்தல் தொகுதிக்கு ‘மறுவரையறை’ ஊன்றிவிட்டது, அதைத் தொடவில்லை.

கடைசியாக ‘ஊடுருவல்’. ஒளிந்து நுழைபவருக்கு அது பொருந்தும். படை உடையில் பகலில் வந்து கூடாரம் அடிப்பவருக்குப் பொருந்தாது. ‘அத்துமீறல்’ போடலாம் என்று நானே எழுதி வைத்திருந்தேன். பிறகு உறைத்தது: அந்த ‘அத்து’ உருதுச் சொல், அதன் பொருளே எல்லை! மேலே இவ்வளவு நேரம் வாதாடி வெளியே தள்ளியதைப் பின்வாசல் வழியாக நானே கூட்டி வந்திருக்கிறேன். கையேட்டுப் பட்டியல் ஞாயிறன்று போக வேண்டும். அதுவரை அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். யாருக்காவது சொல் தோன்றினால் எழுதுங்கள்.