முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் என்னதான் செய்தார்?

வைகைக்கரை கேட்டது:

என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அடுத்த வாரம் பள்ளியில் பேச்சுப் போட்டி. முத்துலட்சுமி ரெட்டியை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். அவள் தம்பி வயிற்றில் இருந்தபோது எனக்குக் கிடைத்த பேறுகால நிதி அவர் பெயரில் உள்ள திட்டம். நர்சம்மா நிரப்பச் சொன்ன தாளில் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தவள் இவள். "யாரும்மா இவங்க?" என்று அன்றைக்கே கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

இப்போது தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பட்டியல்தான் வருகிறது. புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் படித்த பெண், 1912இல் மருத்துவப் பட்டம், சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர். ஒரு நிமிஷத்தில் பேசி முடித்துவிடலாம். ஆனால் 1926 கடைசியில் உள்ளே போனவர் 1930இல் ராஜினாமா செய்துவிட்டார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்ததோ 1947இல். அப்படியென்றால் அந்த மூன்றரை வருஷத்தில் அவர் கையால் நடந்தது எது? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ரெவின்யூ ஆள்:

அம்மா, 1947ஐக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 1929ஐப் பாருங்கள்.

நான் முப்பது வருஷம் நில ஆவணங்களோடு உட்கார்ந்தவன். பழைய இனாம் பதிவேட்டைத் திறந்தால், கோயில் ஊழியத்துக்கு விட்ட ஒவ்வொரு நில மானியமும் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். மேளம் வாசிக்க, விளக்கேற்ற, மாலை கட்ட. தாசி ஊழியமும் அந்த வரிசையில் இருக்கும். ஊழியம் நடக்கிறவரைதான் நிலத்தை அனுபவிக்கலாம், நின்றுவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். இதை ஒரு தாயின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். மகளுக்குப் பொட்டு கட்ட, அதாவது அவளைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிட, அவளுக்கு மனமில்லை. ஆனால் தனக்குப் பிறகு ஊழியத்துக்கு ஆளில்லை என்றால் சோறு போடுகிற நிலமும் இல்லை. எத்தனை பேர் இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு மகளைக் கொடுத்திருப்பார்கள்!

முத்துலட்சுமி அம்மையாருக்கு இது வெளியிலிருந்து தெரிந்த விஷயம் இல்லை. அவருடைய தாய் சந்திரம்மாள் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர்.

பொட்டு கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 1927 நவம்பரில் சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. ஆனால் தீர்மானம் என்பது அரசுக்குச் சொல்லும் பரிந்துரைதான், சட்டம் ஆகாது. அடுத்து அவர் எடுத்த அடிதான் என்னை வியக்க வைக்கிறது. பொட்டு கட்டினால் தண்டனை என்று எடுத்தவுடன் போகவில்லை. கோயில் சொத்துகளை மேற்பார்க்கும் அறநிலையச் சட்டம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார், 1929இல் அது சட்டமானது. அதன்படி, ஊழியத்தை விட்டாலும் நிலம் அவளுக்கே. விதிக்கிற தீர்வையை, அதாவது நில வரியை, கட்டிவந்தால் போதும். முதலில் வயிற்றுக்கு வழி செய்துவிட்டு, அப்புறம் 1930இல் பொட்டு கட்டுவதையே தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார்.

அந்த மே மாதம் காந்தி கைதானார். அதைக் கண்டித்துப் பதவியை விட்டுவிட்டார். தடைச் சட்டத்துக்கு இன்னும் பதினேழு வருஷம் ஆயிற்று. அவர் சபையிலேயே இருந்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

சட்டக் கல்லூரி மாணவி:

சார் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன், நடுவர்கள் கேட்கலாம். ஒன்று, அவர் தேர்தலில் ஜெயித்து வந்தவர் இல்லை, நியமன உறுப்பினர். பெண்கள் சபைக்குள் வர வழி திறந்ததே 1926இல்தான். அந்தத் தேர்தலில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய சொற்ப வாக்குகளில் தோற்றார். ஆனால் துணைத் தலைவர் பதவிக்கு முத்துலட்சுமியை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு, சில இடங்களில் மேலவை என்று எழுதியிருப்பார்கள். அப்போது இருந்தது ஒரே சபைதான், இரண்டு அவை வந்தது 1937இல்.

தவில் வீட்டுப் பிள்ளை:

ரெவின்யூ ஐயா சொன்னது சரி. ஆனால் பாப்பா பேசும்போது எல்லோரும் கை தட்டி வரவேற்றார்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம். சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவர்கள் எதிர்த்தார்கள், அது பலருக்கும் தெரியும். தேவதாசிகளே மனுக் கொடுத்து எதிர்த்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தார். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் அவர். அந்தப் பெண்களுக்குப் படிப்பு இருந்தது, பாட்டு இருந்தது, பெண்வழிச் சொத்து இருந்தது. எல்லாவற்றையும் ஒரே பெயர் சொல்லி இழிவாக்குகிறார்களே என்ற வலி அவர்களுக்கு. மறுபக்கம், அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்று பேசினார். இரண்டு குரலும் எங்கள் வீடுகளிலிருந்துதான் வந்தன.

என் அப்பாவின் பெரியம்மா பொட்டு கட்டியவர். தஞ்சாவூர்ப் பக்கம் ஆறு மா நிலம். 1929க்குப் பிறகு அது அவர் பெயருக்கு வந்தது. தீர்வை ரசீதுகளை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி, அதன் மேல் சலங்கையை வைத்திருந்தாராம். அந்த நிலம்தான் என் அப்பாவைப் படிக்க வைத்தது. ஆனால் சுவாமி புறப்பாடு வந்தால் திண்ணையில் நின்றே கும்பிடுவார், கோயிலுக்குள் போக மாட்டார். ஏன் என்று அப்பா கேட்டதற்கு அவர் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

இரவுப் பணி:

சபையை விட்ட பிறகு செய்ததையும் மகள் சொல்லட்டும். பொட்டு கட்டுவதிலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகளை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். 1930இல் அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் முயற்சி. தங்கை புற்றுநோயில் இறந்ததை அவர் மறக்கவே இல்லை. 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. என் அம்மாவை அங்கேதான் பார்த்தோம். நான் செவிலியராக வேண்டும் என்று முடிவு செய்தது அந்த வராந்தாவில் உட்கார்ந்துதான்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முதல் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, நிலத்திலிருந்து தொடங்கி எழுதிக்கொண்டிருக்கிறாள். ஐயா, அந்தத் தகரப் பெட்டியைப் பற்றிப் பேசலாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னாள்.

தவில் வீட்டுப் பிள்ளை:

தாராளமாகப் பேசட்டும் அம்மா. பெரியம்மா திண்ணையில் நின்றதையும் சேர்த்தே சொல்லட்டும்.