பவர் காஸ்மிக் – ‘அண்டப்பேறு’ எனலாமா?

பவர் காஸ்மிக் என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் உதகை வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகளுக்காக, மார்வெல் படக்கதை நாயகன் சில்வர் சர்ஃபரின் பிறப்புக் கதையைத் தமிழில் சுருக்கி எழுதி வருகிறேன். 1966-இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற படக்கதைத் தொடரின் 48-ஆம் இதழில் ஜாக் கிர்பி கொண்டுவந்த பாத்திரம். ஸென்-லா கோளின் நோரின் ராட், கோள்களை விழுங்கும் கேலக்டஸிடமிருந்து தன் மண்ணைக் காக்கத் தன்னையே அவருக்குக் கட்டியக்காரனாக ஒப்புக்கொடுக்கிறான். அந்தப் பணிக்கென்று அவர் அவனுள் இறக்குவதுதான் பவர் காஸ்மிக். வெள்ளி மேனி, ஒளியை முந்தும் பலகை, காற்றில்லா வெளியில் உண்ணாமல் உறங்காமல் திரியும் உடல் எல்லாம் அதனால் வந்தவை.

அதற்கு இந்தக் குழுவில் முன்மொழியப்பட்ட ‘அண்டக்கதிர்ச் சக்தி’யை என்னால் ஏற்க முடியவில்லை. அண்டக்கதிர் என்பது விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் நுண்துகள்கள்; எங்கள் ஊரில் அன்றாடம் அளக்கப்படும் பொருள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கூடத்தில் 3,712 குழாய்கள் கொண்ட மியூவான் தொலைநோக்கி இருக்கிறது. அண்டக்கதிர் மேலே வளிமண்டலத்தில் மோதிச் சிதறும்போது பிறக்கும் மியூவான் என்ற நுண்துகள்களை அது இராப்பகலாக எண்ணுகிறது. அதோடு, அண்டக்கதிர் பட்டு உருமாறியவர்கள் ஃபென்டாஸ்டிக் ஃபோர் நால்வர், 1961 கதையில். சர்ஃபருக்கு வல்லமை வந்த வழியே வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் பிள்ளைகளுக்குக் கதையும் குழம்பும், அறிவியலும் குழம்பும்.

‘அண்டத்திறன்’ வேண்டாம், பாடநூலில் திறன் என்றால் வாட்டில் அளப்பது. ‘அண்ட ஆற்றல்’ பிழையில்லை. ஆனால் ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்கியது என்பது அதில் இல்லை. பெறுவது பேறு. தன்னை எதிர்த்த சர்ஃபரை 50-ஆம் இதழில் கேலக்டஸ் பூமியை விட்டு வெளியேற முடியாமல் தடுத்துவிடுகிறார். கொடுத்தவர் பிடி இன்னும் இருக்கிறது. அதனால்தான் அண்டப்பேறு என்கிறேன்.

– உதகையிலிருந்து

*

தம்பி, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் கேலக்டஸிடம் உள்ளதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தானே? அவர் யாரிடம் பெற்றார்? இன்னொன்று, பேறு என்றதும் ஆஸ்பத்திரிப் பலகையில் பார்க்கும் மகப்பேறுதான் கண்முன் நிற்கிறது. நான் அண்ட ஆற்றல் பக்கம்.

– குன்னூரிலிருந்து

*

ஐயா, நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன்.

கேலக்டஸும் பெற்றவரே. இதற்கு முந்தைய அண்டத்தில், டா என்ற கோளில், கேலன் என்ற பெயரில் வாழ்ந்தவர் அவர். அந்த அண்டம் மடியும்போது அதன் உணர்வோடு கலந்து, இந்த அண்டத்தில் கேலக்டஸாகப் பிறந்தார். அவருக்குக் கொடுத்தது அண்டம். அவர் வழியாக சர்ஃபருக்கு. தாங்கள் கேட்டிராவிட்டால் எனக்கு இது தோன்றியிருக்காது.

மகப்பேறு நினைவுக்கு வரட்டும், ஐயா. அதிலும் பேறு பெறுதல்தான். பதினாறு பேறும் பெற்று வாழ்க என்று வாழ்த்துகிற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல் அந்நியமாக இருக்காது.

தங்கள் சொல்லையும் விடவில்லை. சர்ஃபர் வெளியிலிருந்து உறிஞ்சி எதிரி மேல் வீசுவது ஆற்றல்தான். அந்த இடங்களில் அண்ட ஆற்றல் என்றே எழுதுகிறேன். அதை உறிஞ்சவும் வீசவும் அவனுக்கு வாய்த்த வல்லமை அண்டப்பேறு.

‘அண்டப்பேற்றால்’ என்று உருபு ஏறும்போது ஏழாம் வகுப்புப் பிள்ளையின் நாக்கு தடுக்குமோ என்ற கவலை மட்டும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

– உதகையிலிருந்து