டென்மார்க் இளவரசி அதீனா பட்டத்தை சொந்தப் பாட்டியே ஏன் எடுத்தாங்க?

மாயூரத்துக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். லீவுக்கு தரங்கம்பாடி போயிருந்தோம், டென்மார்க்காரங்க கட்டுன கோட்டையெல்லாம் சுத்திட்டு வெளிய வரப்ப எம்பொண்ணு இதைக் கட்டுன ராஜா வீட்டு ஆளுங்க இப்ப எங்கம்மா இருக்காங்கன்னு கேட்டா, எனக்கு என்ன தெரியும், போன்ல தேடுனேன். பாத்தா டென்மார்க்ல இன்னும் ராஜா இருக்காரு, குடும்பம் குட்டி எல்லாம் இருக்கு. அதுல அதீனான்னு ஒரு பொண்ணு, 2012 ஜனவரில பொறந்தது, எம்பொண்ணு செட்டுதான். அது பொறந்ததுலேர்ந்து இளவரசி, ஆனா 2023 ஜனவரி 1லேர்ந்து இளவரசி இல்லையாம், கவுண்டஸ்னு ஏதோ சின்ன பட்டமாம். எடுத்தது வேற யாரும் இல்ல, அப்ப ராணியா இருந்த மார்கரெத்தே, அதோட அப்பாவைப் பெத்த பாட்டி! பெரியப்பா புள்ளைங்க கிறிஸ்டியன், இசபெல்லா, அப்புறம் ரெட்டைப் புள்ளைங்க வின்சென்ட், ஜோசஃபின், நாலு பேருக்கும் பட்டம் அப்படியே இருக்கு. "அவ என்னம்மா தப்பு பண்ணா"ன்னு இவ கேட்டுகிட்டே இருக்கா. எங்க மாமியாரோ ஒரு கண்ணுல வெண்ணெய் ஒரு கண்ணுல சுண்ணாம்பு, அங்கயும் அதே கதைதான்னு முடிச்சுட்டாங்க (யாரை மனசுல வச்சு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும், விடுங்க). தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்.

ஆழித்தேர்:
இதுல என்னங்க விவரம், எல்லாம் காசுதான். இத்தனை பேருக்கு வரிப்பணத்துல சோறு போடணுமான்னு ஜனங்க கேட்டுருப்பாங்க, பாட்டி செலவைக் குறைச்சுட்டாங்க.

நாகூர்_பாசஞ்சர்:
ஆழித்தேர் அண்ணே, அது சரியில்ல. பேரப்பிள்ளைங்கள்ல மூத்தவன் கிறிஸ்டியனுக்கு மட்டும்தான் அரசாங்கத்துலேர்ந்து வருஷப்பணம்னு 2016லயே முடிவாயிடுச்சு. அதீனாவுக்கு வரவேண்டிய பணம்னு ஒண்ணும் இல்ல, அதனால பட்டத்தை எடுத்ததுல அஞ்சு பைசா மிச்சம் கிடையாது.

அக்கா, எனக்கு இந்த ராஜ குடும்பக் கதைங்க ஒரு பைத்தியம், அதனால கொஞ்சம் நீளமா போகும். மார்கரெத்தேவுக்கு ரெண்டு பசங்க. மூத்தவர் ஃப்ரெடரிக், இப்ப ராஜா. இளையவர் ஜோவாகிம். ஜோவாகிமுக்கு ரெண்டு கல்யாணம். முதல் மனைவி அலெக்சாண்ட்ரா, ஹாங்காங்ல பொறந்தவங்க, 1995ல கல்யாணம், நிகோலாய், ஃபெலிக்ஸ்னு ரெண்டு பசங்க, 2005ல விவாகரத்து. ரெண்டாவது மரீ, பிரெஞ்சுக்காரங்க, 2008ல கல்யாணம், அவங்களுக்கு ஹென்ரிக்கும் அதீனாவும். பட்டம் போனது இந்த நாலு பேருக்கும்தான், அதீனாவுக்கு மட்டும் இல்ல. 2022 செப்டம்பர் 28ந்தேதி அரண்மனை அறிவிச்சுச்சு. பசங்க அரச கடமைக் கட்டுப்பாடெல்லாம் இல்லாம அவங்கவங்க வாழ்க்கையை அமைச்சுக்கட்டும், மத்த நாட்டு அரச குடும்பங்களும் இப்படித்தான் சுருக்கிட்டு வர்றாங்கன்னு காரணம் சொன்னாங்க. ஸ்வீடன் ராஜா 2019ல சில பேரப்பிள்ளைங்களை அரச குடும்பக் கணக்குலேர்ந்து எடுத்ததும் உண்மைதான். ஆனா வாரிசு வரிசையில இவங்க இடம் போகல, அது அப்படியே இருக்கு.

சண்டை வந்தது வேற விஷயத்துல. ஜோவாகிம் பேப்பர்காரங்ககிட்ட நேராவே சொல்லிட்டாரு, மே மாசம் எங்கிட்ட காட்டுன திட்டத்துல புள்ளைங்களுக்கு 25 வயசு ஆனப்புறம்னு இருந்துச்சு, இப்ப அஞ்சு நாள் முன்னாடி கூப்பிட்டு உடனேன்னு சொல்றாங்க, அதீனாவுக்கு ஜனவரில பதினொண்ணுதான் ஆகுதுன்னு. பெத்த அம்மாவைப் பத்தி மகன் பேப்பர்ல பேசுறது அங்க வழக்கமே இல்லாத விஷயம். அடுத்த வாரமே ராணி, சின்ன மகனும் அவன் குடும்பமும் இவ்வளவு வருத்தப்படுவாங்கன்னு எதிர்பாக்கல, மன்னிக்கணும்னு அறிக்கை விட்டாங்க. ஆனா முடிவை மாத்தல. 2023ல ஜோவாகிம் வாஷிங்டன் தூதரகத்துல வேலைக்குச் சேந்து குடும்பத்தோட அங்க போனாரு.

ஓடக்கரை:
சைடுல ஒரு தகவல். நம்ம ஊர்ல தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி இவங்க 1513லேர்ந்து கிறிஸ்டியன், ஃப்ரெடரிக், கிறிஸ்டியன், ஃப்ரெடரிக்னு மாத்தி மாத்தியே ராஜா பேரு. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு தரங்கம்பாடி வந்தப்ப நாலாம் கிறிஸ்டியன், 1706ல சீகன்பால்க் பாதிரியாரை அனுப்புனது நாலாம் ஃப்ரெடரிக், 1845ல இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போனப்ப எட்டாம் கிறிஸ்டியன். இடையில மார்கரெத்தே மட்டும்தான் பொம்பளை. இப்ப பத்தாம் ஃப்ரெடரிக், அடுத்து வரப்போறது கிறிஸ்டியன்.

மாயூரத்துக்காரி:
நாகூர் தம்பி ரொம்ப நன்றி, இவ்வளவு யாரும் எழுதமாட்டாங்க. ஆனா ஒரு சந்தேகம், மார்கரெத்தே பொம்பளையா இருந்தும் எப்படி ராணியானாங்க, அண்ணன் தம்பி இல்லையா?

கடைமடை_விவசாயி:
அதை நான் சொல்றேம்மா. அவங்க அப்பா ஒன்பதாம் ஃப்ரெடரிக்குக்கு மூணும் பொண்ணு, மார்கரெத்தே, பெனடிக்டே, ஆன்மேரி. பழைய சட்டப்படி பொண்ணுக்குக் கிடையாது, ராஜா தம்பி குனூட்தான் வாரிசு, அவருக்கப்புறம் அவர் மகன் இங்கோல்ஃப். 1953ல ஓட்டெடுப்பு வச்சு அரசியல் சட்டத்தையே மாத்துனாங்க, ஆம்பளைப் புள்ளை இல்லாட்டி பொண்ணு வரலாம்னு. மார்கரெத்தேக்கு அப்ப வயசு பதிமூணு. சித்தப்பா குடும்பத்துக்குக் கையில கிடைச்சது போயிடுச்சு. அந்த இங்கோல்ஃப் அப்புறம் 1968ல சாதாரணக் குடும்பத்துப் பொண்ணைக் கட்டிகிட்டு இளவரசர் பட்டத்தை விட்டு கவுண்ட் ஆனாரு. அதனால கவுண்ட் ஆக்குறது அந்த வீட்டுல புதுசு இல்ல.

அண்ணன் தம்பி இருந்தா அவன்தான் முதல்லங்கறது 2009 வரைக்கும் இருந்துச்சு. அதையும் ஓட்டெடுப்புல எடுத்தாங்க, அதனாலதான் 2011ல வின்சென்ட் பொறந்தும் அக்கா இசபெல்லாதான் இன்னைக்கு ரெண்டாவது வாரிசு.

நம்ம கதையைப் பாருங்க. 1989ல கலைஞர் ஆட்சியில பொண்ணுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்துச்சு, ஆனா அந்த மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லைன்னு ஒரு கொக்கி. எங்க அத்தை ரெண்டு பேரும் அந்தக் கொக்கியில மாட்டுனவங்க. 2005ல மத்திய சட்டம் கொக்கியை எடுத்ததும் எங்க பெரியப்பா ஓடிப்போய் ரெண்டு பேர்கிட்டயும் பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குனாரு. சின்ன அத்தை சார்பதிவாளர் ஆபீஸ்ல ரேகை வச்ச கட்டைவிரல் மையை முந்தானையில துடைச்சுகிட்டே "தாளடி நடவு முடிஞ்சுதாண்ணே"ன்னு கேட்டுச்சு, வேற ஒண்ணும் கேக்கல. பதிலுக்கு ஆளுக்கு ஒரு பட்டுப்புடவை. ஆறு மா நிலம்.

மாயூரத்துக்காரி:
அய்யோ அண்ணே, படிச்சுட்டு என்னமோ பண்ணுது. மார்கரெத்தேவோட ரெண்டு தங்கச்சிங்க என்ன ஆனாங்க?

நாகூர்_பாசஞ்சர்:
ஆன்மேரி 18 வயசுல, 1964ல, கிரீஸ் ராஜாவைக் கட்டிகிட்டுப் போனாங்க. மூணு வருஷத்துல குடும்பத்தோட நாட்டை விட்டு ஓட வேண்டியதாப் போச்சு, அப்புறம் அங்க முடியாட்சியே ஒழிஞ்சுடுச்சு. பெனடிக்டே 1968ல ஜெர்மன் இளவரசரைக் கட்டிகிட்டாங்க. புள்ளைங்க டென்மார்க்லயே வளர்ந்தாதான் வாரிசு உரிமைன்னு நிபந்தனை போட்டாங்க, அவங்க ஜெர்மனியில வளர்ந்ததால மூணு பேருக்கும் இல்லாமப் போச்சு. அதுல நத்தாலிங்கற பொண்ணு குதிரை ஓட்டி 2008 ஒலிம்பிக்ல அணியோட வெண்கலம் வாங்குச்சு.

ஆழித்தேர்:
சரி, காசு இல்லைன்னு ஒத்துக்குறேன். ஆனா மகனை அஞ்சு நாள் முன்னாடி கூப்பிட்டு சொன்னது தப்புதான், அதுல நான் ஜோவாகிம் பக்கம். பட்டத்தை எடுக்குறது வேற, பத்து வயசுப் புள்ளைகிட்ட அதை யாரு எப்படி சொல்றதுன்னு யோசிக்க டைம் குடுக்கணும்ல.

கடைமடை_விவசாயி:
அஞ்சு நாளாவது குடுத்தாங்களே தம்பி. எங்க அத்தைங்களுக்கு பஸ் ஏறி வந்தப்புறம்தான் எதுக்கு வந்திருக்கோம்னே தெரியும்.