புதுப்பிப்பு: அலுமினியம் - சிலிக்கன் கார்பைடு வார்ப்பு ஏன் உதிர்ந்தது

தூய அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடு என்னும் மிகக் கடினமான பீங்கான்வகைப் பொருளின் துகள்களைக் கலக்கி வார்த்த துண்டுகள், அறுத்த முகத்தில் சில வாரங்களிலேயே சாம்பல் நிறமாகப் பொரிந்து உதிர்வதாக முன்பு எழுதியிருந்தேன். துகள்கள் சரியாக நனையாததே, அதாவது உருகிய உலோகம் அவற்றின்மேல் படர்ந்து ஒட்டாததே, காரணம் என்ற என் ஊகம் பாதிதான் சரி.

நனையட்டும் என்று உருகிய உலோகத்தை 850 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏற்றி, நெடுநேரம் அப்படியே வைத்திருந்ததுதான் வினையாயிற்று. அந்த வெப்பத்தில் அலுமினியம் சிலிக்கன் கார்பைடுத் துகள்களைத் தாக்கி அலுமினியம் கார்பைடாக மாறுகிறது. அதுவோ காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, மீத்தேனை வெளிவிட்டபடி சிதைகிறது. பழைய துண்டொன்றை வெந்நீரில் இட்டு உருப்பெருக்கியில் பார்த்தபோது, துகள்களின் ஓரங்களிலிருந்தே நுண்குமிழ்கள் கிளம்பின.

இம்முறை சுமார் 7 சதவீதம் சிலிக்கன் உள்ள ஏ356 உலோகக் கலவையை எடுத்தேன், ஏனெனில் உருகலில் முன்பே கரைந்திருக்கும் சிலிக்கன் அந்த வினையைப் பெருமளவு அடக்கிவிடும். துகள்கள் நன்றாக நனைவதற்காக, அவற்றை 1000 டிகிரிக்கு மேல் காற்றில் சுட்டு மெல்லிய சிலிக்கா (சிலிக்கன் ஆக்சைடு) படலம் ஏற்படுத்திக்கொண்டு, 1 சதவீதம் மக்னீசியம் சேர்த்து, 730 டிகிரியில் கலக்கியதில், மேலே மிதந்துகொண்டிருந்த துகள்கள் ஒருவழியாக உள்ளே இறங்கின. வார்ப்பில் உள்ள நுண்துளைகள் மட்டும் குறையவில்லை. கலக்கியின் வேகத்தைக் கூட்டினால் சுழி காற்றை இழுக்கிறது, குறைத்தால் துகள்கள் திட்டுத்திட்டாய்த் தங்கிவிடுகின்றன.