புதுப்பிப்பு: பிராக் நகரில் 72 மணி நேர டிக்கெட்
செக் நாட்டின் தலைநகரான பிராக்கைச் சுற்ற, டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் செல்லும் 72 மணி நேர டிக்கெட் போதுமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். தாராளமாகப் போதும். டிராமில் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை பதிக்க வேண்டும். கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது. அதுவும் ஒரே முறைதான். அடுத்த டிராமிலும் நான் டிக்கெட்டை நீட்ட, பக்கத்திலிருந்த பாட்டி கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். இரண்டாம் முத்திரை விழுந்தால் டிக்கெட் செல்லாதாம்!

விமான நிலையத்துக்கு 119ஆம் எண் பஸ்ஸைச் சொன்னவர்கள் கவனிக்க: 2024 முதல் அங்கே ஓடுவது 59ஆம் எண் டிராலிபஸ், அதாவது மேலே செல்லும் மின்கம்பியைத் தொட்டு ஓடும் மின்சார பஸ். குன்றின் மேலுள்ள கோட்டைக்கு 22ஆம் எண் டிராம், முழங்கால் தப்பியது.

நாமியெஸ்தி மீரு மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம். கீழே போய்ச் சேரவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. எதிரே ஏறி வந்தவர் நின்றபடியே நாவல் படித்துக்கொண்டிருந்தார்.