யுங்காஸ் பழைய சாலையில் சைக்கிள்: போய்வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பொலிவியா போகும்போது ஒரு நாள் வழிகாட்டியோடு, ‘மரணச் சாலை’ என்று சொல்லும் யுங்காஸ் பழைய மலைச்சாலையில் மலை சைக்கிள் ஓட்ட ரொம்ப ஆசை. லா கும்ப்ரே கணவாயில் சுமார் 4,650 மீட்டர் உயரத்தில் கிளம்பி 1,200 மீட்டர் வரை, கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் இறக்கம். அங்கே இடப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். இறங்கும்போது பள்ளமும் அதே பக்கம். அதை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது.

கிளம்பும் முன் பிரேக்கை நாமே சோதித்துப் பார்க்க விடுவார்களா? கடைசியில் வருபவரோடு ஒரு வழிகாட்டி இருப்பாரா? போன வருடம் வேறொரு மலையில் வாடகை சைக்கிளின் பின்பிரேக் பாதி இறக்கத்தில் பிடிக்கவில்லை. விரல் நடுக்கம் அடங்க அரை மணி நேரம் ஆனது. அப்புறம், பக்கத்தில் உயரத்தில் இருக்கும் லா பாஸ் நகரில் எத்தனை நாள் தங்கி உயரத்துக்குப் பழகினீர்கள்?